"வெளக்கு" தெரியும், "விளக்கு" தெரியல: வீட்டுல தமிழ் படிக்க வைக்கிறது எங்க சிக்குது?

போன வருஷம் என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ்ல இருக்கறப்ப ஒரு சாயங்காலம் கதைப் புக்கை மடியில வெச்சுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு இருந்தா. வி, ள, க், கு. நாலு எழுத்தையும் சரியா சொன்னா, சேத்தும் சொல்லிட்டா, "விளக்கு"ன்னு. சொல்லிட்டு என்னைப் பாத்து "விளக்குன்னா என்னப்பா?"ன்னு கேட்டா. அவளுக்குப் பின்னாடி மாடத்துல எங்கம்மா ஏத்தி வெச்ச விளக்கு எரிஞ்சிட்டு இருக்கு. அதை தினம் பாக்குறவதான், "பாட்டி வெளக்கேத்திட்டாங்க"ன்னு தினம் எங்கிட்ட வந்து சொல்றவதான். ஆனா புக்குல இருந்த விளக்கும் மாடத்துல இருந்த வெளக்கும் ஒண்ணுன்னு அவளுக்குத் தோணவே இல்ல.

அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல. அதுவரைக்கும் நானும் எல்லா அப்பா அம்மா மாதிரியும் எழுத்து தெரிஞ்சா படிப்பு வந்துடும்னுதான் நெனச்சுட்டு இருந்தேன், சுவத்துல அ ஆ சார்ட் ஒட்டி, நோட்டுல நாலு பக்கம் எழுத வெச்சு, 247 எழுத்தையும் ஒப்பிக்க வெச்சு. எழுத்து அவளுக்கு நல்லாவே தெரிஞ்சுது, சிக்கல் எழுத்துல இல்ல. பேசற தமிழுக்கும் புக்குல இருக்கற தமிழுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால் ஓடுது, அதைத் தாண்டறதுக்கு ஒரு பலகையாவது போட்டுக் குடுக்கணும், அதை நாங்க போடவே இல்ல. வீட்டுல செய்யற எந்தப் படிப்பு விளையாட்டா இருந்தாலும் இந்தப் பலகையைப் போடுதான்னு பாத்துதான் நான் இப்ப எடுத்துக்கறேன். அதுக்கு மொதல்ல இது எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

பேச்சு ஒண்ணு எழுத்து ஒண்ணுன்னு ஒரு மொழி ரெண்டா நிக்கறதை தமிழ்ல இரட்டை வழக்குன்னு சொல்வாங்க. சார்லஸ் ஃபெர்குசன்னு ஒரு மொழியியலாளர் 1959ல இதைப் பத்தி எழுதின கட்டுரைதான் உலகம் பூரா இப்பவும் பேசப்படுது, அவர் எடுத்துக்கிட்ட உதாரணங்கள்ல அரபி முக்கியமானது. தமிழும் அப்படித்தான். "வந்துட்டாங்க"ன்னு சொல்றோம், "வந்துவிட்டார்கள்"னு எழுதறோம். பெரியவங்க நமக்கு ரெண்டும் ஒண்ணா கேக்குது, ஆறு வயசுக் குழந்தைக்கு ரெண்டாவது வேற ஊர் பாஷை மாதிரி. நியூஸ் வாசிக்கறவங்களும் மேடையில பேசறவங்களும் அப்படிப் பேசறாங்கன்னு வேணா அதுக்குத் தெரியலாம், ஆனா வீட்டுல அந்தத் தமிழ்ல யாரும் சோறு போட்டதில்ல, கொஞ்சினதில்ல, திட்டினதும் இல்ல.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, அதைக் கண்டுக்கிட்டப்ப எனக்கு பெரிய நிம்மதியா இருந்துச்சு. வார்த்தையோட மொத எழுத்துல குறில் இ, உ வந்து, அடுத்தாப்ல ஒத்தை மெய்யோட அ இல்லன்னா ஐ சத்தம் வந்தா, பேச்சுல இ வந்து எ ஆயிடுது, உ வந்து ஒ ஆயிடுது. விளக்கு வெளக்கு, இலை எல, இடம் எடம், நிலம் நெலம், சிவப்பு செவப்பு. குழந்தை கொழந்த, உடம்பு ஒடம்பு, புடவை பொடவ, குடை கொட. நடுவுல ரெட்டை மெய்யோ, ண்ட, ம்ப மாதிரி இன மெய்யோ வந்துட்டா மாறாது, கிண்ணம் கிண்ணம்தான், முட்டை வந்து முட்டதான், மொட்ட ஆகாது. இதை இலக்கணமா குழந்தைக்கு சொல்லிக் குடுக்கணும்னு நான் சொல்லவே இல்ல, தயவுசெஞ்சு வேண்டாம். ஆனா அப்பா அம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தா, குழந்தை எந்த வார்த்தையில தடுக்கும்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சுடலாம், தடுக்கறதுக்கு முன்னாடியே "இது நம்ம கொழந்த மாதிரிதாண்டா, புக்குல குழந்தைன்னு இருக்கு, அவ்வளவுதான்"னு ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்துடலாம்.

அடுத்து அந்த 247. இந்த நம்பரைக் கேட்டாலே பாதிப் பேர் பயந்துடறாங்க, அதுவும் வெளிநாட்டுல பசங்களை வளக்கறவங்க. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216, கூட்டினா 247. ஆனா 247 தனித்தனி உருவம் இல்ல. கால், கொம்பு, ரெட்டைக் கொம்பு, கி-யில வர்ற மேல விசிறி, கீ-யில வர்ற சுழி விசிறின்னு கொஞ்சம் ஒட்டுக் குறிங்க, அதைப் பிடிச்சுட்டா மீதி எல்லாம் தானா வந்துடும். உண்மையிலேயே ஒண்ணொண்ணா கத்துக்க வேண்டியது உ, ஊ வரிசைதான், கு, சு, டு, து, மு, ரு, ழு, று, னு இப்படி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளையுது, 18 ரெண்டு 36 எழுத்து. நான் எண்ணிப் பாத்ததுல எல்லாம் சேத்து ஒரு 75 உருவத்துக்குப் பக்கத்துல வருது. ஆனா அதுக்கும் டைம் வேணும். நம்ம எழுத்தை மாதிரியே உயிர்மெய்யா அடுக்கற கன்னடத்துல பசங்க எப்படிக் கத்துக்கறாங்கன்னு சோனாலி நாக் பண்ணின ஆய்வு 2007ல வந்துச்சு, முழு எழுத்தும் கைவசம் வர்றது ஒண்ணாங்கிளாஸ்லயோ ரெண்டாங்கிளாஸ்லயோ முடியற வேலை இல்ல, நாலாங்கிளாஸ் வரைக்கும் இழுக்குதுன்னு அதுல பாத்தாங்க. யூகேஜி முடிக்கறதுக்குள்ள எல்லாம் வரணும்னு குழந்தையை அழ வைக்கறவங்களை பாக்கறப்ப எனக்கு வயிறு எரியுது. அந்தக் குழந்தை மந்தமில்ல, நம்ம எழுத்துக்கு அவ்வளவு நாள் ஆகும், அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன தடங்கல் கொம்பு. கெ, கே, கை எழுதறப்ப குறி முன்னாடி வருது, சத்தம் பின்னாடி வருது. கண்ணு மொதல்ல கொம்பைப் பாக்குது, வாய் மொதல்ல க் சொல்லணும். கொ, கோ இன்னும் மோசம், ரெண்டு பக்கமும் நிக்குது. வீட்டுல இதுக்கு நான் பண்ணினது ரொம்ப சிம்பிள், பழைய காலண்டர் அட்டையை வெட்டி க, ப, ம, த தனித்தனி, கொம்பும் காலும் தனித்தனி. தரையில வெச்சு அவளே கொம்பைக் கொண்டு வந்து முன்னாடி சேக்கணும், சேக்கறப்ப சத்தம் எப்படி மாறுதுன்னு அவளே சொல்லணும். நோட்டுல 10 தடவை எழுதி வராதது இந்த அட்டையை நகத்தி நகத்தி ரெண்டு நாள்ல வந்துச்சு.

எந்த எழுத்துல ஆரம்பிக்கறதுங்கறதும் இருக்கு. அ எழுதறது கஷ்டம், சுழி, வளைவு, மறுபடி கோடு. ட பாருங்க, ரெண்டே கோடு. ப மூணு கோடு. ம அதுல ஒரு வளைவு கூட. இந்த மூணை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு புள்ளியை சேத்தா படம், மடம், பட்டம், மட்டம் வந்துடும். இதுல காலை சேருங்க, பாடம், மாடம், பாப்பா, மாமா, டாட்டா. மேல விசிறியை சேருங்க, பாட்டி, மாமி, மாடி. க சேருங்க, பக்கம், கம்பம், காகம், கட்டம், காட்டி. நாலு எழுத்தும் ரெண்டு குறியும் ஒரு புள்ளியும் வெச்சே இவ்வளவு வார்த்தை, அதுல நாலு வீட்டுல கூப்பிடற ஆளுங்க. மொத வாரத்துலயே குழந்தை "பாட்டி"ன்னு எழுதி பாட்டிகிட்டயே கொண்டு போய்க் காட்டினா அந்த வீட்டுல அப்புறம் யாரும் படி படின்னு சொல்ல வேண்டியதில்ல. இன்னொண்ணும் கவனிச்சீங்களா, இந்த வார்த்தைங்க எதுவும் பேச்சுக்கும் எழுத்துக்கும் மாறல. படம் படம்தான், மாமா மாமாதான். அதனாலதான் இதுல ஆரம்பிக்கணும்னு சொல்றேன், வெளக்கு விளக்கு சிக்கல் அப்புறம் வரட்டும், அதுக்குள்ள குழந்தைக்கு நாம படிக்கறது நாம பேசறதுதான்னு ஒரு நம்பிக்கை வந்துடும்.

இப்ப கைக்கு வர்றேன். விஜயதசமி அன்னிக்கு தாம்பாளத்துல அரிசியையோ நெல்லையோ பரப்பி குழந்தை விரலைப் பிடிச்சு எழுத வைக்கிறோமே, அது வருஷத்துல ஒரு நாள் சடங்கா மிஞ்சிப் போன ஒரு பெரிய கல்வி முறை. திண்ணைப் பள்ளிக்கூடத்துல தினமும் அதுதான். மணலைப் பரப்பி விரலால எழுதணும், எழுதறப்பவே வாயால சத்தமா சொல்லணும், சட்டாம்பிள்ளைன்னு ஒரு பெரிய பையன் முன்னாடி சொல்ல மத்தவங்க பின்னாடி சொல்வாங்க, இது கைவந்த பின்னாடிதான் ஓலையும் எழுத்தாணியும். காதும் வாயும் விரலும் ஒரே நேரத்துல வேலை செய்யுது.

இதை ஒருத்தர் குதிரையில போறப்ப பாத்திருக்கார். ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர், 1787ல சென்னைக்கு வந்த பாதிரியார், 1789ல இருந்து எழும்பூர்ல ராணுவத்தாரோட ஆதரவற்ற பையன்களுக்கான விடுதிப் பள்ளியைப் பாத்துக்கிட்டவர். அவரோட பள்ளியில ஆசிரியர் பஞ்சம், பசங்களுக்கு எழுத்து வர மாட்டேங்குது. அப்பதான் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் ஒண்ணுல பசங்க மணல்ல விரலால எழுதறதைப் பாத்துட்டு அதை அப்படியே தன் பள்ளியில கொண்டு வந்தார், பெரிய பையன் சின்னப் பையனுக்கு சொல்லிக் குடுக்கற முறையையும் சேத்து. 1797ல லண்டன்ல அதைப் பத்தி எழுதி வெளியிட்டார், மெட்ராஸ் முறைன்னே அதுக்குப் பேரு, இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான ஏழைப் பசங்க மணல் தட்டுல எழுதிப் படிச்சாங்க. அவர் விட்டுட்டுப் போன சொத்துல கட்டின பள்ளிக்கூடம் செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இன்னும் மெட்ராஸ் காலேஜ்ங்கற பேர்லயே நடக்குது. நம்ம மணல் அவ்வளவு தூரம் போச்சு, நம்ம வீட்டுல இருந்துதான் காணாம போச்சு.

அதே மாதிரி 1907ல ரோம்ல மரியா மாண்டிசோரி ஆரம்பிச்ச குழந்தைகள் இல்லத்துல உப்புத்தாள் ஒட்டின எழுத்து அட்டைங்க, குழந்தை விரலால தடவிக்கிட்டே அந்த எழுத்தோட சத்தத்தை சொல்லணும். அந்த அம்மா 1939ல சென்னை அடையாறுக்கே வந்துட்டாங்க, பிரம்மஞான சபை கூப்பிட்டு, அங்க ஆசிரியர்களுக்கு பயிற்சி குடுத்தாங்க, போர் வந்துட்டதால இத்தாலிக்காரங்கன்னு வெளிய போக முடியாம 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்தாங்க, கொடைக்கானல்லயும் கொஞ்ச காலம். ஒரு பக்கம் திண்ணை மணல், இன்னொரு பக்கம் ரோம்ல உப்புத்தாள், ரெண்டும் சொல்றது ஒண்ணுதான், கை நெனவு வெச்சுக்கும், அதோட சத்தத்தையும் சேத்து நெனவு வெச்சுக்கும். சத்தம் இல்லாம நோட்டுல பக்கம் பக்கமா எழுதறதுல இதுதான் காணாம போயிடுது. குழந்தை வாயை மூடிக்கிட்டு படம் வரையுது, அவ்வளவுதான்.

வீட்டுல ஒரு தட்டு ரவை போதும். கோலமாவு இன்னும் நல்லா இருக்கும், விரல் வழுக்கிட்டுப் போகும். புளியங்கொட்டையை எழுத்து மேல வரிசையா அடுக்க சொல்லுங்க, ழ அடுக்கறதுக்கு எங்க வீட்டுல 20 நிமிஷம் ஆச்சு, அந்த 20 நிமிஷமும் அவ ழ ழ ழன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ழ, ள, ல பத்தி இங்கயே சொல்லிடறேன், பேச்சுல நாமளே பளம்னு சொல்லிட்டு குழந்தை பளம்னு எழுதினா திட்டறது நியாயமே இல்ல. "ஓடற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒரு முடி நரைமுடி"ன்னு நம்ம பாட்டிங்க சொல்லிக் குடுத்ததை எல்லாம் சாப்பிடறப்ப போட்டி வெச்சு சொல்லுங்க, நாக்கு மடங்கற எடம் தெரிஞ்சாதான் எழுத்து எதுன்னு தெரியும். சின்னக் குழந்தைன்னா கை தட்டி எழுத்து எண்ணலாம், அ ம் மா, மூணு தட்டு. விடுகதையும் இப்படித்தான், "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்" அப்டின்னா தேன்கூடு. இதுல "உடைந்ததாம்"னு வருது பாருங்க, ஒடஞ்சுச்சாம்னு இல்ல. விடுகதை வழியா புக்குத் தமிழ் சத்தமில்லாம காதுக்குள்ள போயிடுது.

பாட்டி தாத்தா இருக்கற வீட்டுல ஒரு விஷயம் கவனிங்க. 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்துச்சு, பெரியார் 1935லயே தன்னோட பத்திரிகையில புழங்க ஆரம்பிச்ச வடிவங்கள், ணா, றா, னா, அதோட ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை, மொத்தம் 13 எழுத்து. அதுக்கு முன்னாடி படிச்சவங்க லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைச்சுதான் எழுதுவாங்க. எங்கம்மா எழுதின கடைச் சீட்டுல என் பொண்ணு "வெல்லம்" படிச்சுட்டா, "மல்லித்தழை" படிச்சுட்டா, "வெற்றிலை"யில நின்னுட்டா. தப்புன்னு சொல்லிடாதீங்க. பாட்டியையே உக்கார வெச்சு அந்தத் தும்பிக்கை எழுத்தை குழந்தைக்கு சொல்லிக் குடுக்க சொல்லுங்க, அது ஒரு ரகசிய எழுத்து மாதிரி அவங்களுக்குள்ள ஆயிடும், பழைய புக்கை எடுத்தாலும் பயம் இருக்காது.

அடுத்தது எங்க வீட்டு அடுப்படி. இதை நான் எங்கயும் படிச்சுப் பண்ணல, விளக்கு நடந்த அப்புறம் தோணினது. சாமான் டப்பா எல்லாத்துக்கும் பேரு ஒட்டணும், எழுதறது அவ. உப்பு, பருப்பு, கடுகு, புளி, வெந்தயம், இதெல்லாம் மாறாத டப்பா, வாயில சொல்ற மாதிரியே எழுதலாம். மிளகாய், மிளகு, உளுந்து, தேங்காய், இதெல்லாம் மாறுற டப்பா, மொளகா, மொளகு, உளுந்து வந்து எங்க ஊர்ல உளுத்தம்பருப்பு, தேங்கா. மாறுற டப்பாவுக்கு மட்டும் ரெண்டு சீட்டு, முன்னாடி புக்குப் பேரு, பின்னாடி வீட்டுப் பேரு, வீட்டுப் பேரு செவப்புப் பென்சில்ல. சமைக்கறப்ப "அந்த மொளகு எடு"ன்னா அவ செவப்பு சீட்டைப் பாக்காம மிளகுங்கற சீட்டைப் படிச்சு எடுக்கணும். ஒரு மாசத்துல செவப்பு சீட்டு எல்லாத்தையும் அவளே பிச்சுட்டா, இனிமே வேண்டாம்னு. அளக்கறதும் சேந்துடும், ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி, பாதி பாதியா போற கணக்கு அரிசியாலயே புரிஞ்சுடுது, எட்டுல ஒரு பங்குன்னா என்னன்னு மூணாங்கிளாஸ்ல வரப்போறதுக்கு இப்பவே கை பழகிடும்.

ஆனா இது எல்லாத்தையும் விட பெரிய பலகை ஒண்ணு இருக்கு, சத்தமா படிச்சுக் காட்டறது. அதுலயும் நம்ம ஆளுங்க ரொம்ப நல்ல மனசோட ஒரு தப்பு பண்றோம், நானும் மூணு வருஷம் பண்ணினேன். குழந்தைக்குப் புரியணும்னு புக்குல இருக்கறதை அப்படியே பேச்சுத்தமிழா மாத்தி சொல்லிடறது. "ஒரு காட்டில் ஒரு சிங்கம் வாழ்ந்து வந்தது"ன்னு அச்சடிச்சிருக்கும், நாம "ஒரு காட்டுல ஒரு சிங்கம் இருந்துச்சாம்"னு சொல்வோம். கதை போய்ச் சேந்துடும், புக்குத் தமிழ் போய்ச் சேராது. அப்புறம் ஒண்ணாங்கிளாஸ்ல அது தானே படிக்கறப்ப "வாழ்ந்து வந்தது"ங்கறதை மொத மொத கண்ணால சந்திக்குது, காதால ஒரு தடவை கூட சந்திக்காம.

அரபி பேசற வீடுகள்ல இதே சிக்கல்தான். டீனா ஃபைடெல்சன்னு ஒரு ஆய்வாளரும் அவங்க கூட இருந்தவங்களும் இஸ்ரேல்ல அரபுக் குழந்தைங்களோட கிண்டர்கார்டன் வகுப்புகள்ல ஒண்ணு பண்ணிப் பாத்தாங்க, 1993ல வெளியாச்சு. சின்னக் குழந்தைக்கு எழுத்து அரபி புரியாது, அதனால அதுல கதை படிச்சுக் காட்டக் கூடாதுன்னுதான் அங்கயும் எல்லாரும் நெனச்சிட்டு இருந்தாங்க. இவங்க அஞ்சு மாசம் எழுத்து அரபியிலயே கதை படிச்சுக் காட்ட வெச்சாங்க. கேட்ட குழந்தைங்க, கேக்காத குழந்தைங்களை விட கதையைப் புரிஞ்சுக்கறதுலயும் படத்தைப் பாத்து தானே கதை சொல்றதுலயும் நல்லா முன்னாடி போயிட்டாங்க. நம்ம தமிழுக்கு இதை விட நேரான பாடம் வேற எங்க இருக்கு? காதுக்கு மொதல்ல குடுங்க, கண்ணு அப்புறம் தானா பிடிச்சுக்கும்.

அப்ப எப்படிப் படிக்கறது? நாங்க இப்ப பண்றது இதுதான், ஒரு பக்கத்தை அச்சுல இருக்கற மாதிரியே, ஆனா ஏத்த எறக்கத்தோட, சிங்கம்னா சிங்கம் கொரல்ல, மெதுவா படிக்கறது. அப்புறம் புக்கை விட்டுக் கண்ணை எடுத்து "என்ன ஆச்சாம்?"னு கேக்கறது. அவ பேச்சுத்தமிழ்ல சொல்வா. "வந்துட்டுச்சாம், பசிச்சுச்சாம்"னு. அதுதான் வேணும், அவளே மாத்தறா. மாத்தற வேலையை நாம பண்ணாம குழந்தைகிட்ட விட்டுடறது, அதுல தான் எல்லாமே இருக்கு. படத்தைக் காட்டி கேள்வி கேட்டு குழந்தையைப் பேச விடற இந்த மாதிரி வாசிப்பு பத்தி அமெரிக்காவுல ஒயிட்ஹர்ஸ்ட்டும் அவர் குழுவும் 1988லயே ஆய்வு பண்ணியிருக்காங்க, பெத்தவங்க வெறுமனே படிச்சுக்கிட்டே போறதை விட குழந்தையைக் கதை சொல்ல விடறப்ப பேச்சு வேகமா வளருதுன்னு. நமக்கு அதுல ரெட்டை லாபம். ஒரே புக்கை திரும்பத் திரும்பக் கேட்டா அலுத்துக்காதீங்க, நாலாவது தடவை கேக்கறப்ப "வாழ்ந்து வந்தது" அவ வாயிலயே வந்துடும்.

சிங்கப்பூர்ல 2000க்குப் பின்னாடி தமிழ்ப் பாடத்தை மாத்தினப்ப வகுப்புலயே பேச்சுத்தமிழுக்கு எடம் குடுத்தாங்க, அங்க வீட்டுல தமிழ் கொறைஞ்சுட்டே வந்ததால. நம்ம ஊர்ல நெலமை வேற, பேச்சு வீட்டுல நெறைய இருக்கு, புக்குத் தமிழ்தான் வீட்டுக்குள்ள வரல.

கொரோனாவுல இது வெட்ட வெளிச்சமாச்சு. 2020 மார்ச்சுல மூடின பள்ளிக்கூடம் சின்னப் பசங்களுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் தெறந்துச்சு. கிராமப்புறக் குழந்தைங்களை வீட்டுக்கே போய் சோதிக்கற அசர் ஆய்வுல, மூணாங்கிளாஸ் படிக்கற பசங்கள்ல ரெண்டாங்கிளாஸ் பாடத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க நாடு முழுக்க 2018ல 27.3 சதவீதம், 2022ல 20.5 சதவீதம். மூடறதுக்கு முன்னாடியே நெலமை அவ்வளவுதான். தமிழ்நாட்டுல 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு, தன்னார்வலர்கள் அவங்கவங்க தெருவுலயே சாயங்காலம் பசங்களை உக்கார வெச்சு கதை, பாட்டு, விளையாட்டுன்னு சொல்லிக் குடுத்தாங்க, பெரும்பாலும் அந்தத் தெரு அக்காங்கதான். 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் திட்டம், அதுல அரும்பு, மொட்டு, மலர்னு குழந்தை எந்த நிலையில இருக்கோ அங்க இருந்தே ஆரம்பிக்கறாங்க. எனக்கு அந்த மூணு நிலைக்கும் வெச்ச பேரு ரொம்பப் பிடிக்கும், அரும்பை யாரும் ஃபெயில்னு சொல்ல மாட்டோம் இல்ல.

புக்குக்கு எங்க போறதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க, காசு ஒரு காரணமா இருக்கவே கூடாது. நேஷனல் புக் டிரஸ்ட் 1957ல இருந்து இருக்கு, புத்தகக் கண்காட்சியில அவங்க ஸ்டால்ல கொறைஞ்ச விலையில படக் கதைங்க கெடைக்கும். சென்னையில தூளிகா 1996ல இருந்து குழந்தைகளுக்காகவே போடறாங்க, ரெண்டு மொழியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற புக்கும் உண்டு, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு அது நல்ல கைத்தடி. பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைங்க இலவசம், நிலை வாரியா பிரிச்சு வெச்சிருக்காங்க, பிரிண்ட் போட்டு தைச்சுக்கலாம். குழந்தையையே ஊசி நூல் கோத்து தைக்க விட்டா அந்தப் புக்கை அது கீழ வைக்காது. அப்புறம் உங்க ஊர் கிளை நூலகம். இந்தியாவுல மாகாண அளவுல மொத மொத பொது நூலகச் சட்டம் போட்டது 1948ல மெட்ராஸ்தான், நாம கட்டற சொத்து வரியோட நூலக வரியும் போயிட்டுதான் இருக்கு, அந்தப் புக்கு எல்லாம் நம்ம புக்கு. 1931லயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில புக்கை ஏத்திக்கிட்டு கிராமம் கிராமமா போன ஊர் இது, நாம பஸ் ஏறி நூலகத்துக்குப் போகலாம். போற வழியில பஸ் போர்டு எல்லாம் படிக்க விடுங்க, "வழி"ங்கற வார்த்தை என் பொண்ணுக்கு அங்கதான் வந்துச்சு.

டிவியும் உதவும். ஹிந்திப் பாட்டுக்கு கீழ ஹிந்தியிலயே வரி ஓட விட்டா எழுத்து மறந்தவங்களுக்கும் படிப்பு வரும்னு ப்ரிஜ் கோத்தாரிக்கு 1996ல தோணுச்சு, அப்புறம் தூர்தர்ஷன்ல அப்படியே ஓட்டினாங்க. யூடியூப்ல வரிகளோட தமிழ்ப் பாட்டு எவ்வளவோ இருக்கு. பாட்டு ஏற்கனவே காதுல இருக்கறதால கண்ணு தானா வரி கூடவே ஓடும். அதுக்காக மணிக்கணக்கா உக்கார வைக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டு போதும்.

கடைசியா தப்பு திருத்தறது. போன வாரம் ஃப்ரிட்ஜ் மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்தா, "அப்பா நான் வெளயாட போறேன் மணி அக்கா வீட்ல". எனக்கு கை துறுதுறுன்னுச்சு, செவப்புப் பேனா எடுத்து வி போட்டு ளை போட்டு திருத்தணும்னு. ஆனா யோசிச்சுப் பாத்தா அவ தப்பா எழுதல, நாங்க பேசறதை அச்சு அசலா எழுதியிருக்கா, ஒவ்வொரு சத்தத்தையும் சரியா பிடிச்சிருக்கா. அதைத் திருத்தாம கீழ என் பதிலை எழுதி ஒட்டினேன், "சரி, விளையாடிவிட்டு ஆறு மணிக்கு வந்துவிடு"ன்னு. வந்து நின்னு படிச்சா. ரெண்டு சீட்டையும் மாத்தி மாத்திப் பாத்தா. பென்சிலை எடுத்து தன் சீட்டுல வெ மேல ஒரு கோடு போட்டு பக்கத்துல வி எழுதினா, அப்புறம் "அக்காகிட்ட காட்டணும்"னு ரெண்டையும் பிச்சுக்கிட்டு ஓடிட்டா.